பதின்மூன்று சென்டிமீட்டர் கட்டி, பதினொரு மில்லிமீட்டர் புடைப்பு: ஒரு சிறுநீரக நிகழ்வு ஆய்வு

புற்றுநோய் அல்லாத ஒரு பெரிய சிறுநீரகக் கட்டியை நாங்கள் எப்படிக் கண்டறிந்தோம், எங்கே தாமதித்தோம், அதனால் என்ன நடந்தது என்பதன் பதிவு இது. நோயாளியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். சிகிச்சை அளித்த குழுவில் நானும் ஒருவன். தவறு என்று நான் குறிப்பிடும் இடங்களில் என் பங்கும் உண்டு.

பின்னணி

அந்தப் பெண்ணுக்கு வயது 36. ஆறு வயதில் ஒரு மகள். எட்டு மாதமாக இடது விலாவுக்குக் கீழே ஒரு பாரம் இருந்தது. வலி என்று சொல்ல முடியாது, "உள்ளே ஏதோ உட்கார்ந்திருக்கிற மாதிரி" என்றார். முதலில் வாயுத் தொல்லை என்று நினைத்து மாத்திரை போட்டிருக்கிறார். அப்புறம் தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்திருக்கிறார். ஒருநாள் இரவு மல்லாந்து படுத்திருந்தபோது இடப்பக்க வயிற்றில் கையில் ஏதோ தட்டுப்பட்டது. மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள்.

ஸ்கேனைப் பார்த்த மருத்துவமனையில், "கிட்னியில் பெரிய கட்டி, புற்றாகத்தான் இருக்கும், கிட்னியோடு எடுத்துவிடலாம்" என்று சொல்லி அடுத்த வாரமே அறுவைக்குத் தேதி குறித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சிறுநீரகத்தில் இந்த அளவுக்குத் திடமான கட்டி தெரிந்தால் புற்றைத்தான் முதலில் நினைக்க வேண்டும். ஆனால் நினைப்பது வேறு, அதை வைத்தே தேதி குறிப்பது வேறு. அல்ட்ராசவுண்டு ஒன்றை மட்டும் பார்த்து அந்த முடிவுக்கு வந்திருக்கக் கூடாது.

எங்களிடம் அவர்கள் இரண்டாவது கருத்துக் கேட்டு வந்தார்கள். கேள்விகளுக்கெல்லாம் கணவர்தான் பதில் சொன்னார். நோயாளி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வாய் திறந்து சொன்ன முதல் வாக்கியம், "என் பிள்ளைக்கு ஆறு வயசுதான் ஆகுது டாக்டர்."

பையில் இருந்த பழைய தாள்

கணவர் கொண்டுவந்த துணிப்பையில் திருமணத்துக்குப் பிந்தைய மருத்துவத் தாள்கள் எல்லாமே இருந்தன. அதில் ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு கர்ப்பகால ஸ்கேன் அறிக்கை. குழந்தையின் தலைச் சுற்றளவு, எடை, நஞ்சுக்கொடியின் இடம் எல்லாம் எழுதி முடித்த பிறகு, கையெழுத்துக்குச் சற்று மேலே ஒரு வரி இருந்தது: இடது சிறுநீரகத்தின் கீழ்முனையில் 3.2 செ.மீ. வெண்மையான திட்டு, மறுபரிசோதனை தேவை.

அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எல்லார் கண்ணும் குழந்தையின் மேல்தான் இருந்திருக்கும். எங்களுக்கோ அந்த வரி பெரிய உதவியாக இருந்தது. ஏழு வருடமாக இருக்கும் கட்டி, அல்ட்ராசவுண்டில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்த கட்டி என்றால் கொழுப்புள்ள ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதை வைத்தே முடிவு கட்ட முடியாது. சிறிய சிறுநீரகப் புற்றுகளிலும் ஒரு பகுதி அப்படி வெள்ளையாகத் தெரியும்.

பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு மூன்று வருடம் கருத்தடை மாத்திரை எடுத்திருந்தார் என்பதும் கேட்டபோது தெரியவந்தது. கொழுப்புள்ள இந்த வகைக் கட்டி பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. கர்ப்பகாலத்தில் வேகமாக வளர்ந்து வெடித்த நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. அதனால் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தவிர்க்கும்படிதான் நாங்கள் சொல்வது வழக்கம்.

படங்களில் தெரிந்தது

ரத்த அழுத்தம் 118/76. ஹீமோகுளோபின் 11.2. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் 0.8, இயல்பான அளவு. சிறுநீரில் ரத்தம் இல்லை. கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. அழுத்தினால் வலிக்கவில்லை.

ரத்தக்குழாய்களைப் படத்தில் துலக்கிக் காட்டும் மருந்தைச் செலுத்தி சிடி ஸ்கேன் எடுத்தோம். இடது சிறுநீரகத்தின் கீழ்முனையிலிருந்து வெளிப்பக்கமாகப் பிதுங்கி, 13.4 செ.மீ. நீளத்துக்கு ஒரு கட்டி. கதிரியக்க நிபுணர் கட்டியின் கருமையான பகுதி ஒன்றின்மேல் கர்சரால் சிறிய வட்டம் போட்டார். திரையில் வந்த எண் மைனஸ் 78.

இந்த எண்தான் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. சிடி படத்தில் அடர்த்தியை ஹவுன்ஸ்பீல்டு அலகில் அளக்கிறோம். தண்ணீர் பூஜ்யம், காற்று மைனஸ் 1000, கொழுப்பு சுமார் மைனஸ் 100. சாதாரணச் சதை பூஜ்யத்துக்கு மேலேதான் இருக்கும். சிறுநீரகக் கட்டிக்குள் மைனஸ் 10க்குக் கீழே ஒரு திட்டு கிடைத்தாலே அங்கே கொழுப்பு இருக்கிறது என்று கொள்ளலாம். இங்கே மைனஸ் 78. பக்கத்தில் இருந்த மற்ற இரண்டு திட்டுகளிலும் ஏறக்குறைய அதே எண்.

ஆக, இது ஆஞ்சியோமயோலைபோமா. ரத்தக்குழாய், தசை, கொழுப்பு மூன்றும் கலந்து வளரும் கட்டி. பெயரிலேயே மூன்றும் இருக்கின்றன. பெரும்பாலும் புற்று அல்ல. ஆனால் இரண்டு சந்தேகங்கள் மிச்சம் இருந்தன.

முதலாவது, லைபோசார்கோமா. சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பில் கிளம்பும் புற்று அது. அதுவும் பெரிதாக வளரும், படத்தில் அதுவும் கொழுப்பாகவே தெரியும். கட்டி சிறுநீரகத்திலிருந்து முளைத்ததா, வெளியிலிருந்து வந்து அதைத் தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் படத்தில் சிறுநீரகத்தின் ஓரத்தில் கடித்து எடுத்த மாதிரி ஒரு பள்ளம் இருந்தது, கட்டி அந்தப் பள்ளத்திலிருந்து வெளியே வந்திருந்தது. சிறுநீரகத் தமனியின் கிளை ஒன்று தடித்து அந்தப் பள்ளத்தின் வழியே கட்டிக்குள் போனது. வெளியிலிருந்து தள்ளும் கட்டியில் இந்த இரண்டும் பொதுவாக இருக்காது.

இரண்டாவது, கொழுப்பு கொண்ட சிறுநீரகப் புற்று. அது மிக அரிது. அதில் பெரும்பாலும் கால்சியம் படிந்திருக்கும். இங்கே கால்சியம் துளியும் இல்லை.

சரி, புற்று இல்லை. வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? அப்போதுதான் கதிரியக்க நிபுணர் படத்தை நகர்த்தி இன்னொன்றைக் காட்டினார். கட்டிக்குள் சுருண்டு சுருண்டு ஓடிய குழாய்களில் இரண்டு இடத்தில் பலூன் மாதிரி புடைப்பு. பெரியது 11 மி.மீ. இந்தக் கட்டியின் ரத்தக்குழாய்ச் சுவரில் இயல்பான மீள்தன்மை அடுக்கு இருக்காது. அதனால் குழாய் புடைக்கும், புடைத்தது வெடிக்கும்.

4 செ.மீ.க்கு மேல் போனால் சிகிச்சை என்ற கணக்கு 1986இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது. பல பாடநூல்களில் இன்னும் அதுதான் இருக்கிறது. கட்டியின் அளவை விடக் குழாய்ப் புடைப்பின் அளவுதான் வெடிப்பைச் சரியாகக் காட்டுகிறது, 5 மி.மீ. எல்லையில் கவனம் வேண்டும் என்று 2002இல் வந்த ஆய்வு சொன்னது. எல்லாரையும் பயமுறுத்தியது 13 செ.மீ. என்ற எண். நாங்கள் பயப்பட்டிருக்க வேண்டியது 11 மி.மீ.க்கு. பயந்தோம், ஆனால் போதுமான வேகத்தில் இல்லை.

வேறு எங்கும் உண்டா?

இந்தக் கட்டி உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கு டியூபரஸ் ஸ்க்லிரோசிஸ் என்ற மரபணுக் கோளாறு பின்னணியில் இருக்கும். அப்படியானால் இரண்டு சிறுநீரகத்திலும் பல கட்டிகள் வரலாம், மூளை, தோல், நுரையீரல், கண் ஆகியவற்றிலும் பாதிப்பு இருக்கலாம். எனவே முகத்தில் சிறு பருக்கள், தோலில் வெளிறிய திட்டுகள், நக ஓரத்தில் சதை வளர்ச்சி எல்லாம் பார்த்தோம். மூளைக்கு எம்ஆர்ஐ, நுரையீரலுக்கு மெல்லிய சிடி, கண் பரிசோதனை. எதுவும் இல்லை. வலது சிறுநீரகம் சுத்தமாக இருந்தது. குடும்பத்தில் வலிப்பு நோயோ இதே மாதிரிக் கட்டியோ யாருக்கும் இல்லை. மரபணுச் சோதனை தேவையில்லை என்று முடிவு செய்தோம்.

எடுத்த முடிவும் காரணமும்

ஊசியால் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி செய்யவில்லை. கொழுப்பு இவ்வளவு தெளிவாகத் தெரியும்போது ஊசி புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை, புடைத்த குழாய்கள் உள்ள கட்டியில் குத்தினால் ரத்தம் கசியும் அபாயம் மட்டும் மிஞ்சும். கொழுப்பு குறைவாக இருக்கும் வகையில்தான் பயாப்ஸிக்கு மதிப்பு அதிகம். ஆன்கோசைட்டோமா என்ற இன்னொரு தீங்கற்ற கட்டியிலும் அப்படித்தான். நடுவில் நட்சத்திரம் போன்ற தழும்பு தெரிந்தாலும் படத்தை வைத்து அதைப் புற்றிலிருந்து உறுதியாகப் பிரிக்க முடியாது.

மாத்திரை பற்றிப் பேசினோம். எவரோலிமஸ் என்ற மருந்து டியூபரஸ் ஸ்க்லிரோசிஸ் நோயாளிகளின் கட்டியைச் சுருக்கும். 2013இல் வெளியான சோதனையில் மருந்து எடுத்தவர்களில் 42 விழுக்காட்டினருக்குக் கட்டியின் கன அளவு பாதிக்கு மேல் குறைந்தது, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களில் ஒருவருக்கும் குறையவில்லை. ஆனால் நிறுத்தினால் கட்டி திரும்ப வளர முனையும், வாய்ப்புண் வரும், கர்ப்பத்துக்கு ஆகாது. எங்கள் நோயாளிக்கு அந்தக் கோளாறும் இல்லை, இன்னொரு குழந்தை வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அதனால் அதை விட்டோம்.

மிச்சம் இருந்தவை, நேராகப் பகுதி அறுவை அல்லது தமனி வழியாகப் போய்க் கட்டிக்கு ரத்தம் தரும் குழாயை அடைத்தல். கட்டியில் ஓடும் ரத்தம் அதிகம், சிறுநீரகத்துக்குள் ரத்தக்குழாய்கள் நுழையும் வாயிலுக்கும் அது நெருக்கம். முதலில் அடைத்து, சுருங்க விட்டு, பிறகு தேவைப்பட்டால் அறுக்கலாம் என்று முடிவெடுத்தோம். இடது சிறுநீரகம் மொத்த வேலையில் 46 விழுக்காட்டைச் செய்துகொண்டிருந்தது. அதை இழக்கக் கூடாது என்பது எல்லாருடைய எண்ணமும்.

அடைப்புக்கு மூன்று வாரம் கழித்துத் தேதி கிடைத்தது. "அவசரம் இல்லை, இது கேன்சர் இல்லை" என்று நான்தான் அவர்களிடம் சொன்னேன். அப்போது நோயாளி முதல்முறையாகச் சிரித்தார். திடீர் வலி வந்தால் உடனே வாருங்கள் என்றும் சொன்னேன். இதைச் சொன்னது அவர்கள் எழுந்து கதவருகே போன பிறகு.

ஒன்பதாம் நாள் இரவு

அந்தப் பேச்சுக்கு ஒன்பதாம் நாள், இரவு ஒன்பதரைக்கு இடது விலாவில் வலி. வாயு என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்தார். பத்தரைக்கு வாந்தி. பதினொன்றே காலுக்குக் குளியலறைக்குப் போக எழுந்தவர் சுவரைப் பிடித்தபடி சரிந்துவிட்டார். அவசரப் பிரிவுக்கு வந்தபோது மணி 11.50.

முகம் வெளுத்து, உள்ளங்கை வியர்த்து ஈரமாக இருந்தது. நினைவு தெளிவாக இருந்தது. நாடித்துடிப்பு 128, ரத்த அழுத்தம் 84/50. பன்னிரண்டு நாளுக்கு முன்பு 11.2 ஆக இருந்த ஹீமோகுளோபின் 7.4. இடது வயிறு இறுகி முட்டிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை, சிறுநீரிலும் இல்லை. எல்லாம் சிறுநீரகத்தைச் சுற்றி உள்ளேயே தேங்கியிருந்தது. இதற்கு வுண்டர்லிக் நோய்க்குறி என்று பெயர். 1856இல் கார்ல் வுண்டர்லிக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தது.

இரண்டு கையிலும் பெரிய ஊசி போட்டு, சலைனும் இரண்டு யூனிட் ரத்தமும் ஏற்றினோம். அழுத்தம் 104/66க்கு வந்தது. அந்த இடைவெளியில் சிடி எடுத்தோம். பெரிய புடைப்பிலிருந்துதான் கசிவு.

இங்கே இரண்டு கருத்து வந்தது. பணியில் இருந்த அறுவை மருத்துவர், "தியேட்டர் தயார், திறந்துவிடலாம், உயிர் முக்கியம்" என்றார். அவர் சொன்னது தவறில்லை, அழுத்தம் ஏறாமல் இருந்திருந்தால் நானும் அதையே செய்திருப்பேன். ஆனால் ரத்தம் ஏற்றியதும் நோயாளி நிலைப்பட்டார். தேங்கிய ரத்தமே சுற்றியிருக்கும் உறையை இறுக்கி, கசிவை ஓரளவு அமுக்கிப் பிடித்திருக்கிறது. வயிற்றைத் திறந்தால் அந்த அமுக்கம் போய்விடும், ரத்தம் பீறிடும், பிறகு கிட்னியைக் கட்டி எடுப்பதைத் தவிர வழி இருக்காது. எனவே கேத் லேப், அதாவது ரத்தக்குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் அறை, என்று முடிவெடுத்தோம். தியேட்டரை மூடவில்லை, மயக்க மருத்துவர் பக்கத்தில் நின்றார், கிட்னியை எடுப்பதற்கான சம்மதமும் வாங்கிக்கொண்டோம். கையெழுத்துப் போடும்போது கணவர் கேட்டார், "கேன்சர் இல்லைன்னுதானே சார் சொன்னீங்க?" பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

1.35க்குத் தொடைத் தமனியில் குழாய் நுழைந்தது. கதிரியக்க நிபுணர் மருந்தைச் செலுத்தியபோது திரையில் சிறுநீரகம் மரம் மாதிரி கிளை விரித்தது. கீழ்க்கிளையின் நுனியில் மட்டும் ஒரு கருமை, புகை மாதிரி மெல்ல விரிந்துகொண்டே போனது. அதுதான் கசிவு. மெல்லிய குழாயை அந்தக் கிளைக்குள் கொண்டுபோய், முதலில் துகள்களைச் செலுத்தி, பிறகு உலோகச் சுருள் இரண்டை வைத்தார். துகள் மிகச் சிறியதாக இருந்தால் கட்டியின் சிரைகள் வழியே நுரையீரலுக்குப் போய்விடும். அந்த அவசரத்திலும் அவர் அளவைப் பார்த்துத்தான் எடுத்தார். 2.50க்கு மறுபடி மருந்து செலுத்தினோம். மரத்தின் மேல்பாதி முழுதாக இருந்தது. கீழே புகை இல்லை.

காய்ச்சல்

இரண்டாம் நாள் மாலை காய்ச்சல் 38.7 டிகிரி. வலியும் குமட்டலும் கூடின. வார்டில் இருந்த டாக்டர் தொற்று என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் தொடங்கினார். ரத்தத்திலும் சிறுநீரிலும் கிருமி வளரவில்லை. ரத்தம் கிடைக்காத கட்டித் திசு அழியும்போது வரும் காய்ச்சல் இது, அடைப்புக்குப் பிறகு பலருக்கும் வரும். நான்காம் நாள் தானாகத் தணிந்தது. உடல் வெப்பத்தை ஆயிரக்கணக்கானவர்களுக்கு அளந்து 37 டிகிரியை இயல்பு என்று நிலைநாட்டியவரும் மேலே சொன்ன அதே வுண்டர்லிக்தான்.

கிரியாட்டினின் 1.4 வரை போய் 0.9க்குத் திரும்பியது. எட்டாம் நாள் வீடு திரும்பினார்.

அடுத்த ஓராண்டு

மூன்றாம் மாத சிடியில் தேங்கிய ரத்தம் பெரும்பாலும் கரைந்திருந்தது. கட்டி 10.6 செ.மீ. ரத்தக்குழாய் நிறைந்த பகுதி நன்றாகச் சுருங்கியிருந்தது, கொழுப்பு அப்படியே இருந்தது. அடைப்பு சிகிச்சையின் இயல்பே அதுதான். ரத்தத்தை நம்பி வாழும் பகுதி வாடும், கொழுப்பு அவ்வளவாக அசையாது. ஒன்பதாம் மாதம் 9.8 செ.மீ. புடைப்புகளில் ஓட்டம் இல்லை, ஆனால் கட்டியின் மேல் ஓரத்தில் புதிதாக ஒரு மெல்லிய கிளை தெரிந்தது.

மறுபடி அடைக்கலாம், சும்மா கவனிக்கலாம், அல்லது கட்டியை மட்டும் அறுத்து எடுக்கலாம். கர்ப்பம் தரிக்க வேண்டும் என்று அவர் அப்போது உறுதியாக இருந்தார். கர்ப்பத்தின்போது அந்தப் புதிய கிளையை நம்பி உட்கார எங்களுக்குத் துணிவில்லை. பதினோராம் மாதம் திறந்த முறையில் பகுதி அறுவை செய்தோம். பழைய ரத்தக்கசிவு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்தது, பிரித்தெடுக்கவே பாதி நேரம் போனது. தமனியை 22 நிமிடம் கவ்விப் பிடித்திருந்தோம். கட்டியின் அடிப்பகுதி எதிர்பார்த்ததைவிடக் குறுகலாக இருந்தது.

ஐந்தாம் நாள் வடிகுழாயில் வந்த திரவத்தைச் சோதித்தால் அது சிறுநீர். சிறுநீர் உள்வழியே இறங்க ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே வைத்தோம், கசிவு நின்றது, ஆறு வாரத்தில் அதை எடுத்துவிட்டோம். திசுப் பரிசோதனை ஆஞ்சியோமயோலைபோமா என்று உறுதி செய்தது. புற்றாக மாறக்கூடிய எபிதீலியாய்டு வகை அல்ல.

இப்போது

அறுவை முடிந்து இரண்டரை வருடம் ஆகிறது. கிரியாட்டினின் 0.9. இடது சிறுநீரகத்தின் பங்கு 37 விழுக்காடு. வருடத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ எடுக்கிறோம், புதிதாக எதுவும் இல்லை.

தம்பதியர் பிறகு இன்னொரு குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். எங்கள் பக்கம் தடை எதுவும் இல்லை, அது அவர்கள் விருப்பம். ஆனால் அந்த அறுவைக்கு நாங்கள் சொன்ன முக்கியக் காரணமே கர்ப்பம்தான். இன்று யோசித்தால், இன்னொரு முறை அடைத்துவிட்டுக் காத்திருந்திருக்கலாமோ என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்கிறார். எனக்கு அறுவை சரி என்றுதான் படுகிறது. அவருக்கு அப்படிப் படவில்லை.

மாற்றியவை

மூன்று வாரக் காத்திருப்புதான் இந்த நிகழ்வின் பெரிய தவறு. புற்று இல்லை என்று தெரிந்ததும் எங்கள் பதற்றம் அடங்கிவிட்டது, அதோடு வேகமும் அடங்கியது. இப்போது 5 மி.மீ.க்கு மேல் புடைப்பு தெரிந்தால் அடைப்பு சிகிச்சை அந்த வாரத்துக்குள் நடக்கிறது. தேதி கிடைக்காவிட்டால் நோயாளியைக் கிடைக்கும் இடத்துக்கு அனுப்புகிறோம்.

எச்சரிக்கையை வாயால் மட்டும் சொல்வதில்லை. ஒரு அட்டை கொடுக்கிறோம்: திடீர் விலா வலி, தலைசுற்றல், வியர்வை, இவற்றில் எது வந்தாலும் மாத்திரை போட்டுக் காத்திருக்காதீர்கள், நேரே வாருங்கள். கட்டியின் பெயரும் அதில் இருக்கும், அவசரப் பிரிவில் அதைக் காட்டினால் போதும். கூட வருபவரிடம் அதை வாசித்துக் காட்டச் சொல்லி, பிறகுதான் அனுப்புகிறோம். அடைப்புக்குப் பிறகு வரும் காய்ச்சலைப் பற்றி வார்டு குறிப்பிலேயே எழுதிவிடுகிறோம்.

ஸ்கேன் அறையிலும் ஒரு மாற்றம். தேடிப்போனதற்கு வெளியே ஏதாவது தென்பட்டால் அது அறிக்கையின் முதல் வரியில் வருகிறது. அறிக்கையைக் கையில் கொடுப்பவர் அந்த வரியை நோயாளியிடம் வாயாலும் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குகிறார். ஏழு வருடத்துக்கு முந்தைய அந்தத் தாளின் நகல், பெயரை மறைத்து, அந்த அறையின் சுவரில் ஒட்டியிருக்கிறது.